பாலாடை மேல் பழகிய கை

பிள்ளைப்பாக்கத்துப் பாஞ்சாலி ஒருவருக்குச் சுளுக்கு எடுத்தால் அந்த அலறல் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இது இடுப்பு", "இல்லப்பா, கழுத்து" என்று பந்தயம் கட்டுவார்கள். கிழக்குக் காற்று அடித்தால் வாலாஜாபாத்துக்காரர்களுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு.

அவள் தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு பறந்துபோகும் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். பால் பல் விழுவதற்கு முன்பே ஊர் இடுப்புகளையெல்லாம் மிதித்து முடித்துவிட்டாள். ஐம்பது வயதில் அவளுடைய கட்டைவிரல் ஒவ்வொன்றும் ஒரு கடப்பாரை. ஒருமுறை நொண்டிய காளை ஒன்றுக்குத் தோள்பட்டையில் வழித்துவிட்டாள். காளைக்குக் குணமாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பாஞ்சாலி எதிரே வந்தால் அது வண்டியோடு வயலில் இறங்கிவிடும். சர்க்கார் ஜீப் ஒன்றின் ஒடுங்கிப்போன மட்கார்டைக் கட்டைவிரலாலேயே நிமிர்த்தியதாகவும் சொல்வார்கள். அது பொய்யாக இருக்கலாம். ஆனால் ஜீப் அந்த ஊருக்குள் மறுபடி வரவில்லை.

அவளுடைய வேலைக்கு இரண்டே விதி. ஒன்று, வலியை மேலேயிருந்து கீழே வழித்துக்கொண்டு வந்து, விரல் நுனி வழியாக உதறித் தள்ள வேண்டும். இரண்டு, ஆள் அலற வேண்டும். வாசல் வேப்பமரத்தடியில் முறைக்குக் காத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் வரவில்லையென்றால் "இன்னும் நரம்பு மாட்டல" என்பார்கள். வந்துவிட்டால் "ஆங், புட்சிட்டா" என்று வெற்றிலையைத் துப்புவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆவணியில் ஒரு நாள், ஏசுதாஸ் அந்த வேப்பமரத்தடிக்கு வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றான். ரோடு போடும் ரோலர் ஓட்டுகிறவன். அந்த ரோலரை எறும்பு முந்திக்கொண்டு போகும். அவனும் அதே நிதானம். அன்றைக்கு மட்டும் கால் நிலைகொள்ளாமல் நின்றான்.

"யக்கா, மேரிக்கு ஆபரேஷன் ஆச்சில்ல?"

ஊருக்கே தெரியும். அவன் பெண்டாட்டி சகாயமேரிக்கு இடது மார்பில் கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். அது புத்துநோய் என்று தெரிந்ததிலிருந்து அவள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பிச்சைக்காரன்கூட அந்த வாசலுக்கு நாலு வீடு முன்னாலேயே தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். காக்கை அந்தக் கூரையில் உட்காருவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கும்.

"கட்டி போச்சுக்கா. ஆனா அந்தப் பக்கத்துக் கை வீங்கிகினு தூக்கவே வரல."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"இருபத்தஞ்சு தபா கரண்டு வைக்கணுமாம். அதுக்குன்னு ஒரு மெஷினு கீது. அது கீழ படுத்துக்கினு கையத் தலைக்கு மேல தூக்கி வெச்சாத்தான் கரண்டு சரியான எடத்துல வுழுமாம். கை ஏறலன்னா அக்குள் பக்கம் வைக்க முடியாதாம்." ஏசுதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அங்க துளியூண்டு மிச்சமிருந்தாலும் திரும்பி வந்துருமாம்க்கா. ஒரு மாசத்துக்குள்ள கை ஏறணும்."

"ஆஸ்பத்திரில ஒண்ணும் பண்ணலியா?"

"கைக்குப் பயிற்சி குடுக்கற அம்மா ஒருத்தங்க கீறாங்க. லேசாத் தடவுங்கன்னாங்க. தடவினா எங்கக்கா எறங்கும்? அதெல்லாம் பட்டணத்துக்காரங்க ஒடம்புக்கு."

"அதானே," என்றாள் பாஞ்சாலி, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடியபடி. "நம்ம ஒடம்பு களி தின்ன ஒடம்பு."

வேப்பமரத்தடியில் காத்திருந்த கோவிந்தம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கோவிந்தம்மாளின் மகளுக்கு நிறைமாசம். பிறக்கப்போகிற குழந்தையைக் குளிப்பாட்டப் பாஞ்சாலியைத்தான் சொல்லிவைத்திருந்தார்கள்.

"இந்தா பாஞ்சாலி, அத்தப் போய்த் தொடப்போறியா? ஒட்டிக்கும்."

"என் கையில ஒட்டினா அதுக்குத்தான் சுளுக்கிக்கும்," என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலி நடந்தாள்.

சகாயமேரி ஒல்லி. ஆனால் குரல் ஒல்லியில்லை. மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள்தான் பாட்டு எடுத்துக்கொடுப்பாள். அவள் உச்சத்துக்குப் போனால் கூரையில் ஓடு ஒன்று இடம் மாறும், சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். இப்போது தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் அவளுடையது இல்லாத மாதிரி கிடந்தது.

"இன்னாடி மேரி, கையா இது? படப்பை சந்தையில வித்தா ரெண்டு பேரு தூக்கிகினு போவணும்."

"நீ வாங்கிக்கயேன் யக்கா. வெல கொறச்சித் தரேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிறகு பாஞ்சாலி நல்லெண்ணெயைச் சூடு பறக்கக் கையில் ஊற்றிக்கொண்டு, தோளில் கட்டைவிரலை ஊன்றி, கீழ்நோக்கி ஒரு வழி வழித்தாள்.

அலறல் படப்பைக்கே போயிற்று. தெருவில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். மேரி துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "இன்னும் கொஞ்சம் அமுத்துக்கா, எறங்கட்டும்" என்றாள். பாஞ்சாலி அமுக்கினாள். விரல் ஒவ்வொன்றையும் சொடுக்கு எடுத்து, வலியைத் தரையில் உதறிவிட்டு, வியர்வையைத் துடைத்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் கை இரண்டு மடங்காகிவிட்டது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து, தொட்டால் சுட்டது. மேரிக்கு நடுக்கும் காய்ச்சல். ஏசுதாஸ் அவளைப் பஸ்ஸில் ஏற்றினான். பாஞ்சாலி தானாகவே பின்னால் ஏறிக்கொண்டாள். பட்டணம் போய்ச் சேரும் வரை இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மாவின் பெயர் ராஜாமணி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு குருவி மாதிரி இருந்தாள். ஆனால் அவள் மேரியின் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை உயர்த்தியபோது, பாஞ்சாலி ஒரு தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். தூண் போதவில்லை.

"யாரு இதை அழுத்தினது?"

"யாருமில்லம்மா," என்றாள் மேரி, காய்ச்சலில் பல் கிட்டிக்க. "நானே ஒரு நெல்லு மூட்டயத் தூக்கிட்டேன்."

பாஞ்சாலி தூணை விட்டு வெளியே வந்தாள்.

"பொய் சொல்றாம்மா. நான்தான். என் கை பண்ண வேல."

ராஜாமணி திட்டினாள். ஐந்து நாள் ஊசி என்றாள். காய்ச்சல் முழுசாக விட்ட பிறகுதான் கையைத் தொடலாம் என்றாள். டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, ஏசுதாஸிடம் ஒரு திங்கட்கிழமையைச் சொன்னாள். ஊசி முடிந்ததிலிருந்து எண்ணினால் சரியாக இருபது நாள். அதற்குமேல் தள்ளினால் கரண்டு வைப்பதில் அவ்வளவு பயன் இருக்காது.

"இனிமே நான் கிட்டவே வரமாட்டேம்மா," என்றாள் பாஞ்சாலி.

"அப்ப வேற யாரு செய்வா? வாரத்துல ஒரு தடவை இங்க வந்தா போதாது. தினமும் செய்யணும். ஊர்ல இவங்களைத் தொடறதுக்கு வேற யாராவது இருக்காங்களா?"

ஏசுதாஸ் தரையைப் பார்த்தான். பாஞ்சாலிக்குப் பதில் தெரியும்.

"கண்ணை மூடுங்க," என்றாள் ராஜாமணி. "உங்க கையில செஞ்சு காட்டறேன்."

பாஞ்சாலி கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரமோ ஆயிற்று.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன்."

"ஈ ஒக்காந்தா மாரி இருந்துச்சு. அதுவா?"

"அதுதான். பால்ல ஆடை கட்டியிருக்கும் இல்லையா? அதைக் கிழிக்காம விரலால நகர்த்தணும். அவ்வளவுதான் அழுத்தம். கீழ இழுக்கக்கூடாது, மேல ஏத்தணும். அதுவும் முதல்ல கழுத்து, அப்புறம் நல்லா இருக்கற பக்கத்து அக்குள், அதுக்கப்புறம்தான் இந்தத் தோள், கடைசியிலதான் கை. எண்ணெய் வேண்டாம்." பாஞ்சாலியின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கைங்க. பிரேக்தான் இல்ல."

"நம்ம ரோலரு கூட அப்படித்தாம்மா," என்றான் ஏசுதாஸ். அவன் அன்றைக்குச் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

மேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு கிடந்த ஐந்து நாளும் பாஞ்சாலி வீட்டு எருமைப் பால் ஒரு சொட்டுகூடச் சொசைட்டிக்குப் போகவில்லை. காய்ச்சி, அகலத் தட்டில் ஊற்றி, ஆற வைத்து, ஆடை கட்டியதும் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் அவள் விரல் பட்டதும் ஆடை மட்டுமில்லை, தட்டும் நெளிந்துபோயிற்று. இரண்டாம் நாள் ஆடை எட்டுத் துண்டு. மூன்றாம் நாள் அவள் மூச்சுக் காற்றிலேயே கிழிந்தது. மொத்தம் எத்தனை தட்டு என்று கேட்டால் முந்நூறு என்பார்கள். ஒரு எருமை அவ்வளவு கறக்குமா என்று எருமையைக் கேட்டால்தான் தெரியும்.

அவள் புருஷன் கோதண்டராமன் ஏரி மதகைப் பார்த்துக்கொள்கிறவர், ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் திருப்பிவிடுகிறவர். ஐந்து நாளும் விரல் ஓட்டை விழுந்த பாலையே குடித்தார்.

"இன்னாமே இது? பால்ல எலி நடந்தா மாரி கீது."

"யோவ், சும்மா இரு. ஒண்ணு கேக்கறேன், புரிஞ்சா சொல்லு. வீங்கனது எடது கை. அந்தப் பொண்ணு முதல்ல கழுத்தத் தடவச் சொல்லுது, அப்பால வலது அக்குளத் தடவச் சொல்லுது. நல்லா கீற எடத்த எதுக்குய்யா தொடணும்?"

கோதண்டராமன் பாலை ஒரு மிடறு குடித்தார்.

"தண்ணி வுடணும்னா நான் முதல்ல எங்க போறேன்?"

"மதகுக்கு."

"போடி இவளே. கடைமடைக்குப் போறேன். அங்க வாய்க்கா அடச்சிக்கினு இருக்கான்னு பாக்கறேன். தூர் எடுக்கறேன். அப்பாலதான் மதகு. அத்தப் பண்ணாம மதகத் தெறந்தா?"

"நடுவுல கீறவன் வூட்ல தண்ணி பூந்துடும்."

"அதான் மேரி கையில பூந்துச்சு."

பாஞ்சாலி வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம் அவளுக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. கோதண்டராமனுக்கே தாங்கவில்லை. அன்று முழுக்க ஏரிக்கரையில் டாக்டர் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஐந்தாம் நாள் பாலாடை ஒரு முழ நீளம் சுருங்கி நகர்ந்தது. கிழியவில்லை.

ஆறாம் நாள் காலையில் மேரியின் பெஞ்சிக்கு முன்னால் பாஞ்சாலி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கழுத்தெலும்புக்கு மேலே, குழியில், விரல்களை வைத்தாள். தோலை மட்டும், அடியில் இருக்கிற எதையும் எழுப்பாமல், மெல்ல ஒதுக்கினாள். விட்டாள். மறுபடி ஒதுக்கினாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு காளையைப் படுக்க வைத்து வழித்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு களைப்பு வந்ததில்லை.

"யக்கா, நீ தொடறியா, இல்ல தொடலாமான்னு யோசிக்கிறியா?"

"மூடு வாய. எண்ணிக்கினு கீறேன்."

தடவி முடித்ததும் மேரி சுவரோரம் நின்று, இடது கை விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி ஏற்றுவாள். எங்கே நிற்கிறதோ அங்கே ஏசுதாஸ் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவான். முதல் கோடு இடுப்புக்குச் சற்று மேலே விழுந்தது. கை காதை ஒட்டி நிமிர வேண்டிய இடத்தில், உயரத்தில், ராஜாமணி சொன்ன கணக்குப்படி ஒரு ஆணி அடித்து வைத்திருந்தான். இரண்டுக்கும் நடுவே அந்தச் சுவர் அன்றைக்கு மலை மாதிரி தெரிந்தது.

நாளுக்கு மூன்று விரல், நாலு விரல் என்று கோடு ஏறியது. கையும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. தடவத் தொடங்கிய எட்டாம் நாள் மணிக்கட்டு எலும்பு தெரிந்தபோது ஏசுதாஸ் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

ஆனால் தெருவுக்குக் கோடு தெரியாது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம். எட்டு நாளாக அந்த வீட்டுக்குள் போகிற பாஞ்சாலி ஒரு முனகல்கூட எழுப்பாமல் திரும்பி வருகிறாள். இது எப்படி? வேப்பமரத்தடியில் பேச்சு கிளம்பியது. புத்து அவள் கைச் சக்தியை உறிஞ்சிவிட்டது என்றார்கள். ஒருவன், அவள் தொட்டால் இனிமேல் கொசுகூடச் சாகாது என்றான். சுளுக்குக்காரர்கள் நொண்டிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் கோவிந்தம்மாள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"கொயந்தயக் குளிப்பாட்ட வேற ஆளு சொல்லிட்டேன் பாஞ்சாலி. மனசுல வெச்சிக்காத."

அன்றைக்கு மேரியின் கழுத்தில் தடவும்போது பாஞ்சாலி எண்ணிக்கையை இரண்டு தரம் தவறவிட்டாள். மேரி விடாமல் கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்தாள்.

"அவ்ளோதானா? அலறல் இல்லன்னு கொறயா அவங்களுக்கு?"

"வுடுடி. அவங்க கெடக்கறாங்க."

"நீ தடவு. நான் பாத்துக்கறேன்."

மேரி மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள். பிறகு, கோவில் ஓடுகளை நகர்த்திய அந்தக் குரலைத் திறந்தாள்.

"ஐயையோ! எம்மா! மாதாவே! கொல்றாளே!"

வேப்பமரத்தடியில் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏரியில் கொக்குகள் கிளம்பின. உள்ளே பாஞ்சாலியின் விரல் பாலாடை நகர்த்துகிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. மேரி கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த அடி எடுத்தாள். "நரம்பு அறுந்துச்சே! அந்தோணியாரே, நீயாவது வாய்யா!" பாஞ்சாலிக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தடவினாள். தோள் குலுங்கிற்று, விரல் மட்டும் குலுங்கவில்லை.

ஏசுதாஸ் அப்போது தெருமுனையில் ரோலரில் வந்துகொண்டிருந்தான். அலறல் அவன் காதில் விழுந்தது. முன்பு நடந்தது கண்முன் வந்தது. ரோலரை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டுக் குதித்தான். ஓடுகிற ஏசுதாஸை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால் ஊரே பின்னால் ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் கோவிந்தம்மாள்.

"யக்கா! கைய எடு! கைய எடு!"

கதவு சுவரில் மோதித் திறந்தது. உள்ளே பெஞ்சியில் அவன் பெண்டாட்டி வாயைப் பிளந்தபடி, கண்ணில் நீர் வர, சிரித்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியின் இரண்டு விரல் அவள் தோளில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வாசல் முழுக்கத் தலைகள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏசுதாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு இரைத்தான். ஓடி வந்த வேகத்தில் கோவிந்தம்மாளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பானை இருந்தது. சொம்பை எடுத்து மொண்டு, தலையை அண்ணாந்து, கடகடவென்று முழுச் சொம்பையும் குடித்து முடித்தாள். முடித்த பிறகுதான் தெரிந்தது, வாசலில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது.

புத்து வந்தவள் வீட்டுப் பானை.

கோவிந்தம்மாள் சொம்பைப் பார்த்தாள். மேரியைப் பார்த்தாள். ஒரு ஏப்பம் வந்தது. அதையும் விட்டாள்.

"இன்னும் ஒரு சொம்பு வேணுமா யக்கா?" என்றாள் மேரி. சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

கோவிந்தம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டபோது சுவரில் கரிக்கோடுகள் கண்ணில் பட்டன. இடுப்பில் தொடங்கி மார்பு உயரத்தையும் தாண்டி ஏறியிருந்தன.

"இன்னாது இது?"

"என் கை போன தூரம்."

கோவிந்தம்மாள் கிட்டே போய் விரலை வைத்து எண்ணினாள். ஒன்பது.

"கத்தாமயேவா ஏறுச்சு?"

"ஆமா. ஆனா கத்தினா நல்லா கீது யக்கா. நெஞ்சு தெறக்குது."

அன்றைக்கு விழுந்த பத்தாவது கோடு முழுதாக ஐந்து விரல் ஏறியிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். தெருவில் பாதி இன்னும் நம்பவில்லை. ஆனால் மறுநாள் கோவிந்தம்மாள் ஒரு தூக்குக் கஞ்சியோடு வந்து, யாரும் சொல்லாமலே பெஞ்சியின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

பதினான்காம் நாள் கோடு நின்றுவிட்டது. பதினைந்தாம் நாளும் அதே இடம். பதினாறாம் நாளும் அதே. ஆணிக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. கையில் வீக்கம் இல்லை. ஏதோ ஒன்று உள்ளேயிருந்து கயிறு மாதிரி இழுத்துப் பிடித்தது. அது எங்கே என்று பாஞ்சாலிக்குத் தெரியும். ராஜாமணி சொல்லியும் இருந்தாள்: புண் ஆறின பிறகு, தழும்பையும் விரல் நுனியால் மெல்ல அசைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் அடியில் ஒட்டிக்கொண்டு கையை ஏற விடாது. புண் ஆறிவிட்டது. ஆனால் மேரியின் மார்பில் அந்தத் துண்டு முதல் நாளிலிருந்து இறங்கியதே இல்லை.

பதினேழாம் நாள் ஏசுதாஸ் வேலைக்குப் போயிருந்தான். பாஞ்சாலி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேரி, துண்ட எடு."

"அங்க மட்டும் வேணாம்க்கா."

"வலிக்குதா?"

"வலிக்கல." மேரி சுவரைப் பார்த்தாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "நானே இன்னும் பாக்கல. ரவிக்க மாத்தறப்போ மொகத்தத் திருப்பிக்குவேன். அங்க ஒண்ணுமே இல்லக்கா. இல்லாத எடத்த இன்னா தேய்ப்ப நீ?"

பாஞ்சாலி பெஞ்சியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சி முனகிற்று.

"எத்தினி ஒடம்பத் தொட்டிருப்பேன் நானு," என்றாள். "இல்லாத எடம்னு ஒண்ணு இதுவரைக்கும் என் கைக்கு ஆப்டதில்ல. நீ பாக்காத. நான் பாக்கறேன். இன்னா கீதுன்னு சொல்றேன்."

மேரி துண்டை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாஞ்சாலி விரல்களை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். மெல்ல வைத்தாள். மேரியின் உடம்பு ஒருமுறை உதறியது. பிறகு நின்றது. தழும்பு அக்குள் வரை நீண்டு, முரடாக, அடியில் ஒட்டிக் கிடந்தது. அதன் ஓரத்தை விரல் நுனியால் ஒரு பக்கம் நகர்த்தினாள், மறுபக்கம் நகர்த்தினாள்.

"தோலு கீது," என்றாள். "சூடா கீது. இங்க எலும்பு. அதுக்குக் கீழ டொக்கு டொக்குனு ஒண்ணு அடிச்சிக்கினு கீது. ரொம்ப வேகமா அடிக்குது. பயப்படுது போல."

மேரி அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. பாஞ்சாலி நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேரி முகத்தைத் திருப்பி, குனிந்து, தானே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னா தையல் இது?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் நெல்லுச் சாக்கே இதவிட நேராத் தைப்பேன்."

"அந்த டாக்டரு கைக்கு ஆப்டா சொல்லு. சுளுக்கு எடுத்து வுடறேன்."

அன்றைக்குக் கோடு நாலு விரல் ஏறியது. பத்தொன்பதாம் நாள் ஆணி விரலில் குத்தியது. இருபதாம் நாள் கை காதை ஒட்டி நின்றது. ஆனால் ஏசுதாஸ் இருபது எண்ணுவதற்குள் தானாகவே இறங்கிவிட்டது. மெஷினின் கீழே எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கத் துணியவுமில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் ராஜாமணி மேரியின் கையைத் தூக்கிப் பார்த்தாள், தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பாஞ்சாலியின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனாள். பாஞ்சாலிக்கு அது ஈ உட்கார்ந்த மாதிரி இல்லை.

மேரியை உள்ளே கூப்பிட்டார்கள். கூட யாரும் வரக்கூடாது என்றார்கள். கதவு, கோட்டைக் கதவு மாதிரி தடியாக, ஈயம் வைத்து அடித்தது. ஐரோப்பா வரைக்கும் போனாலும் அப்படி ஒரு கதவு கிடைக்காது. அது மூடிக்கொண்டது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன உறுமல்.

இருபது நாளாக ஒரு நாள் தவறாமல் தொட்ட கை, இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது. உள்ளே அவள் கை நிற்கிறதா, இறங்கிவிட்டதா? பாஞ்சாலி நடைக்கூடத்தில் சுவரோரம் போய் நின்றாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே தன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். காதை ஒட்டி, நேராக.

கூடத்தில் நோயாளிகளும் அவர்களைக் கூட்டிவந்தவர்களுமாக முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஏசுதாஸ் மெதுவாகக் கூப்பிட்டான்.

"யக்கா, ஒக்காரு."

"சும்மா இரு தம்பி."

ஒரு நிமிஷம். தோள் கனத்தது. இரண்டு நிமிஷம். கடப்பாரை மாதிரி இருந்த கை பிசைந்த மாவாகிவிட்டது. விரல்களில் எறும்பு ஊர்ந்தது. இறக்கிவிடலாம்போல இருந்தது. இறக்கவில்லை. ஏசுதாஸ் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு, தன் கையையும் தூக்கிக்கொண்டான்.

பெஞ்சியிலிருந்த ஒரு கிழவர் கேட்டார்: "இன்னாம்மா, பஸ்ஸ நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்?"

"ஆமாய்யா," என்றாள் பாஞ்சாலி, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க பொண்ணு ஒருத்தி உள்ள கீறா. அவ எறங்கற வரைக்கும்."

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஏசுதாஸின் ரோலர் காஞ்சிபுரம் போய்த் திரும்பியிருக்கும். முதலில் நர்ஸ் வந்தாள். அவளுக்குப் பின்னால் சகாயமேரி. இடது கையை இன்னும் இறக்கவில்லை. இறக்கலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவள் காதில் விழுந்திருக்காது. தூக்கிய கையோடே நடைக்கூடத்துக்கு வந்து, எதிரே தூக்கிய கையோடு நிற்கிற இரண்டு பேரையும் பார்த்து நின்றாள்.

"இன்னும் எத்தினி தபா வைக்கணும்?" என்றாள் பாஞ்சாலி.

"இருபத்து நாலு," என்றாள் மேரி.